எலும்பைச் சிவக்க வைத்த சாயம்

கருவில் இருக்கும் குழந்தைக்கு எலும்பு எப்படி வருது? யாரைக் கேட்டாலும், "முதல்ல குருத்தா இருக்கும், அப்புறம் இறுகி எலும்பாயிடும்"னுதான் பதில் வரும். 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அறிஞர்கள் பலரும் இதையேதான் நம்பினார்கள்.

1736-ல் லண்டனில் ராபர்ட் நெஸ்பிட் என்ற மருத்துவர் மனித எலும்பு உருவாவதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். எலும்பு குருத்திலும் உருவாகிறது, சில இடங்களில் வெறும் சவ்விலேயே நேராகவும் உருவாகிறது, குருத்து இறுகுவதால் எலும்பு வருவதில்லை என்றார்.

வேடிக்கை என்னன்னா, அதே வருஷம் அதே ஊரில் இன்னொரு கூத்து. ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் போடும் ஒருவர் வீட்டில் சாப்பிடப் போனார். தட்டில் இருந்த பன்றிக்கறியின் எலும்பு செக்கச் செவேல்! விசாரித்தால், சாயத்தொட்டியில் ஊறிய தவிட்டைத்தான் அந்தப் பன்றிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த சாயம் அது. நம்ம சோழமண்டலக் கரையில் துணி சிவக்க வைத்த சாயவேரிலும் இருப்பது இதே அலிசரின்தான் :-)

இந்தச் சாயம் புதிதாகப் படியும் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். மென்மையான குருத்தில் ஒட்டாது. பிரான்ஸின் துயமெல் து மோன்சோ இதைப் பிடித்துக்கொண்டார். சாயத்தைக் கொஞ்ச நாள் கொடுத்தார், கொஞ்ச நாள் நிறுத்தினார். எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள்! மனுஷன் அடிப்படையில் தாவர ஆராய்ச்சியாளர், மர வளையம் ஞாபகம் வராமல் இருக்குமா?

பிறகு வந்த ஜான் ஹன்டர், ஒரு பன்றிக்குட்டியின் கால் எலும்பில் இரண்டு ஈயக் குண்டுகளைப் பதித்தார். பன்றி வளர்ந்தது, எலும்பும் நீண்டது. ஆனால் குண்டுகளுக்கு நடுவே இருந்த தூரம் அப்படியே! அப்படீன்னா எலும்பு நீள்வது நடுவில் இல்லை, நுனிகளில்.

இன்றைக்குத் தெரிந்த கதை இது. கருவின் 6-ஆவது வாரவாக்கில் கை கால்களுக்குக் குருத்தில் அச்சு தயாராகிறது. 8-ஆவது வாரவாக்கில் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய, குருத்து கரைந்து எலும்பு கட்டப்படுகிறது. மண்டையோட்டின் மேல்பகுதியோ சவ்விலேயே உருவாகிறது. அந்தத் துண்டுகள் சேராமல் விட்ட இடைவெளிதான் பாட்டிகள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி. முதலில் எலும்பாகத் தொடங்குவது காறை எலும்பு. முழுசாக முடிய அது இருபது வயதையும் தாண்டும்!

பழைய ஆட்களும் முழுக்கத் தப்பில்லை. 2014-ல் எலிகளில் செய்த ஆய்வுகளில், குருத்து செல்களில் ஒரு பகுதி அழியாமல் எலும்பு செல்களாகவே மாறுவது தெரிந்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்குங்கிறீங்களா? வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் இன்னும் குருத்துத் தட்டு உண்டு. அடி அங்கே பட்டு அது சேதமானால், அந்தக் கையோ காலோ குட்டையாகவோ கோணலாகவோ வளரலாம். குருத்து எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது வேற. அதனால பிள்ளை கீழே விழுந்து மூட்டுப் பக்கம் வீங்கினால், "சுளுக்குதான்"னு எண்ணெய் தடவி உருவி விடாதீங்க. எலும்பு டாக்டரிடம் காட்டுங்க, ப்ளீஸ்.