சீதாலட்சுமி முதல் பிரியம்வதா வரை

கருந்துளையின் வரலாற்றை வழக்கமாக ஒரு கப்பலில் தொடங்குவார்கள். 1930இல் 19 வயது சந்திரசேகர் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிறார். வழியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். எரிந்து தணிந்த விண்மீன் ஒன்றின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் அது வெண்குறுமீனாக நிலைத்து நிற்க முடியாது, மேலும் சுருங்கியாக வேண்டும். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற அந்த எல்லைக்கு இன்று அவர் பெயர். 1935இல் லண்டனில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். 1983இல் நோபெல் பரிசு வந்தது.

நான் அந்தக் கப்பலில் ஏறாமல், அவர் புறப்பட்ட வீட்டிலேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

அவருடைய அம்மா சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகள் பெற்றவர். பத்துப் பேரின் சோற்றுக்கும் காய்ச்சலுக்கும் படிப்புக்கும் நடுவே, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். கணவனையும் பிள்ளைகளையும் விட்டு நோரா என்பவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் நாடகம் அது. அதைத் தமிழில் சொல்லத் துணிந்தவர் தன் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. மகன் போக வழிவிட்டார். அப்போதே அவர் நோயாளி. 1931இல் இறந்தார். மகன் அம்மாவின் முகத்தை மறுபடி பார்க்கவில்லை. வகுப்பில் மொழிபெயர்ப்பு வரலாறு நடத்தும்போது, இவரை முதலில் மொழிபெயர்ப்பாளர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறேன். யாருடைய அம்மா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தவர் லலிதா. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சந்திரசேகருக்கு ஒரு வகுப்பு இளையவர். கணவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த காலமெல்லாம் காத்திருந்தார். 1936இல் திருமணம். பிறகு அமெரிக்கா போய், யெர்க்ஸ் வான்ஆய்வகத்துக்கு அருகே குடித்தனம். இயற்பியலை அவர் தொழிலாகத் தொடரவில்லை. தன் வாழ்வின் மையமே லலிதாவின் பொறுமையும் ஆதரவும்தான் என்ற பொருளில் சந்திரசேகர் எழுதியிருக்கிறார். 2013இல், 102 வயதில், லலிதா இறந்தார்.

மையம் என்ற இந்தச் சொல்லில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் இருந்து எல்லாவற்றையும் இயக்குபவள் பெண் என்று மேடையில் புகழ்வார்கள். கருந்துளையை அதற்கு உவமை சொல்ல இப்போது யாராவது கிளம்பக்கூடும். கருந்துளை தெரியாமலிருப்பதற்கு இயற்கை விதி காரணம்: அதன் எல்லையைக் கடந்த ஒளி திரும்புவதில்லை. லலிதா தெரியாமல் போனதற்கு அப்படி ஒரு விதியும் கிடையாது. அது வீடும் கல்லூரியும் சமூகமும் சேர்ந்து செய்த ஏற்பாடு.

கருந்துளையையேகூடக் கண்டுபிடித்துவிட்டார்களே! ஆனி, ஆடி இரவுகளில் நல்லூரில் மின்சாரம் போனால் தெற்கே தனுசு ராசிப் பக்கம் பால்வழி தடித்துத் தெரியும். நம் பால்வழியின் மையம் அந்தத் திசையில், சுமார் 27,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நடுவில் தூசி மறைப்பதால், ஆண்ட்ரியா கெஸ் 1995 முதல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அங்குள்ள விண்மீன்களைப் பின்தொடர்ந்தார். ஒரு விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை ஏதோ ஒன்றைச் சுற்றி வந்தது. அந்த வேகத்தையும் பாதையையும் வைத்துக் கணக்கிட்டால் நடுவில் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை இருந்தாக வேண்டும். 2020இல் இயற்பியல் நோபெலைப் பகிர்ந்துகொண்டபோது, அதைப் பெற்ற நான்காவது பெண் அவர். முதலாமவர் மேரி கியூரி, 1903இல்.

கருந்துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயு உரசிச் சூடேறி ஒளிவிடும். எங்கள் விருத்தாசலம் பீங்கான் சூளைகளில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. சூளையின் ஓட்டை வழியே பார்த்து, சிவப்பு, ஆரஞ்சு, வெளிர்மஞ்சள் என்று நிறத்தைக் கொண்டே சூட்டைச் சொல்வார்கள். சூடு கோடிக்கணக்கான பாகைக்கு ஏறினால் வருவது எக்ஸ் கதிர். அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க 1999 ஜூலையில் ‘சந்திரா’ தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். சீதாலட்சுமியின் மகன் பெயர்தான் அதற்கு. கொண்டுபோன கொலம்பியா ஓடத்துக்குத் தலைமை ஐலீன் காலின்ஸ். விண்ணோடப் பயணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்.

மூன்றாமவர் கோயம்புத்தூரில் பிறந்து டெல்லியில் வளர்ந்த பிரியம்வதா நடராஜன், இப்போது யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். விண்மீன் செத்துப் பிறக்கும் கருந்துளை சில பத்துச் சூரியன் அளவே இருக்கும். அது தின்று தின்று பெருக நெடுங்காலம் வேண்டும். ஆனால் பிரபஞ்சம் இளமையாக இருந்தபோதே மாபெரும் கருந்துளைகள் இருந்திருக்கின்றன. எப்படி? பெரிய வாயுமேகம், விண்மீன்களாகச் சிதறாமல், நேரடியாகச் சரிந்து பெரிய விதையாகவே பிறக்கலாம் என்று அவரும் சகஆய்வாளர்களும் 2006இல் எழுதினார்கள். 2023இல் சந்திராவும் ஜேம்ஸ் வெப்பும் சேர்ந்து ‘யுஎச்இசட்1’ என்ற விண்மீன் திரளைக் காட்டின. பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டே ஆன காலத்தில், 1 முதல் 10 கோடிச் சூரியன் நிறையுள்ள கருந்துளை அதில் இருந்தது. அவர் கருத்துக்கு அது வலுவான ஆதரவு.

சீதாலட்சுமியிடமிருந்து பிரியம்வதா வரை நேர்கோடு போட்டு, பெண்கள் வென்றுவிட்டார்கள் என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் இருவருக்கும் மேல்சாதி, உத்தியோகம், வீடு நிறையப் புத்தகம் எல்லாம் இருந்தன. அங்கேயே இவ்வளவுதான் முடிந்தது. சூளையில் பொம்மையின் பிசிறு தேய்த்துக் கூலி வாங்கும் அம்மாவின் மகள், நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இயற்பியல் படிக்கிறாள். மூன்றாமாண்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ‘டிகிரி முடிச்சா போதும் டீச்சர்’ என்று வீட்டில் சொல்லும்போது நான் பிரியம்வதாவைப் பற்றிப் பேசுவதில்லை. லலிதாவைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்பதையும், விடுதி இலவசமா என்பதையும் அவளுடைய அப்பாவிடம் விவரமாகச் சொல்கிறேன்.