பின்வரிசையில் இருந்தவர்கள்

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கெனப் பழைய படங்களைச் சேகரிக்கத் தொடங்கியபோது முதலில் வந்து குவிந்தவை மேடைப் படங்களே. மீசை வரைந்த அரிச்சந்திரன், காகித மகுடம் சூடிய துஷ்யந்தன், வரவேற்பு நடனம், பரிசளிப்பு. அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் தேடினோம். மிகச் சில படங்களே கிடைத்தன. அவற்றிலும் முன்வரிசையில் பிரதம விருந்தினரும் அதிபரும் ஆசிரியைகளும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. மண்டபம் நிறைய இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

பார்வையாளர் இருட்டில் அமர்வது நம்மிடையே பழைய வழக்கமன்று. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்து திறந்த வெளியில் நடந்தது. ஆடுபவர் மீது விழுந்த பந்த வெளிச்சமும் பெற்றோமாக்ஸ் வெளிச்சமும் பார்ப்பவர் முகத்திலும் விழுந்தன. எசல பெரஹரவில் தீப்பந்தங்கள் யானைகளுக்கு மட்டுமா ஒளி தருகின்றன? வீதியோரம் பாய் விரித்துக் காத்திருக்கும் சனமும் அந்த ஒளியில்தான் தெரிகிறது. மட்டக்களப்பின் வட்டக்களரியிலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்.

ஐரோப்பாவில்கூட அரங்கை இருளாக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. 1876இல் பைரொய்ற் நகரில் வாக்னர் தமது இசைநாடகங்களுக்காக அரங்கை இருளச் செய்தது அதில் ஒரு திருப்பம். நம் பக்கத்தில், 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடிய கூத்து சுருங்கிச் செறிவு பெற்றது. புதிய மதிப்பும் பெற்றது. ஆனால் களரியைச் சுற்றியிருந்த சனம் மேடைக்கு எதிரே, மின்விளக்கின் மறுபக்கத்திற்குப் போய்விட்டது. நம் கல்லூரி மண்டபமும் அப்படிப்பட்ட மண்டபந்தான்.

கெமராவுக்கு இருட்டு நெடுநாள் எதிரி. 1870களில் கண்டியில் ஸ்டூடியோ நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவனின் காலத்தில் படம் என்றாலே பகல் வெளிச்சம். 1887இல் ஜேர்மனியில் மக்னீசியத் தூளோடு வேறு இரசாயனங்களைக் கலந்து பளிச்சென எரியும் தூளை உருவாக்கினார்கள். அதில் ஒளியோடு புகையும் நெருப்பு அபாயமும் வந்தன. 1930 அளவில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்ப் விற்பனைக்கு வந்த பின்னரே மண்டபத்துக்குள் அச்சமின்றிப் படமெடுக்க முடிந்தது.

ஆனால் பிளாஷுக்கு ஒரு குணம் உண்டு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். மேடையடியில் நிற்கும் படப்பிடிப்பாளருக்கு 2 மீற்றரில் முன்வரிசை இருந்தால், 8 மீற்றரில் இருக்கும் வரிசைக்குப் பதினாறில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேரும். முன்வரிசைக்கு அளவாக எடுத்தால் பின்வரிசை கறுத்துவிடும். பின்வரிசைக்கு அளவாக எடுத்தால் முன்வரிசை வெளுத்துவிடும். படப்பிடிப்பாளர் யாருக்கு அளவாக எடுத்திருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

பின்வரிசையில் இருந்தவர்கள் யார்? கலஹா, தெல்தோட்டை, ரங்கலை, மடுல்கலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த தாய்மார். கைக்குழந்தை அழுதால் எழுந்து போக வசதியாகக் கதவோரம் இருந்தவர்கள். சுவரோடு ஒட்டி நின்ற தகப்பன்மார். விடுதிச் சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தவர்கள். பேர்ச்சீட்டு ஒட்டிய நாற்காலி அவர்களுக்கு இருக்கவில்லை. நாற்காலி ஒழுங்கு தொடங்கி வைத்ததை ஒளியின் விதி முடித்து வைத்தது.

இருட்டிலேயே படமெடுக்கும் வழிகளும் உண்டு. 1940களில் நியூயோர்க்கில் வீஜி என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் தியேட்டரில் இருந்தவர்களைப் படமெடுத்தார். உறங்கும் சிறுவர்களும் முத்தமிடும் காதலர்களும் அறியாமலே அகப்பட்டார்கள். ஜப்பானியரான ஹிரோஷி சுகிமொட்டோ 1970களில் இதற்கு எதிர்வழியில் போனார். ஒரு முழுத் திரைப்படம் ஓடி முடியும்வரை கெமராவைத் திறந்து வைத்தார். திரை வெண்மையாக ஒளிர்ந்தது. சுவரின் சித்திரவேலை துலங்கியது. ஆட்கள் ஒருவரும் தெரியவில்லை. முதல் வழியில் முகம் கிடைக்கும், சம்மதம் கிடையாது. நம்மில் வைத்தியத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு அது உறுத்தும். அனுமதியின்றி ஒருவரைப் படமெடுக்கக் கூடாது என்று பழகிய கைகள் எங்களுடையவை.

அதே தொழில் சில படங்களை வாசிக்கவும் உதவியது. இருட்டில் கண்மணி விரிந்திருக்கும். அப்போது பிளாஷ் அடித்தால், கண்ணின் உட்புறத்து இரத்த நாளங்களில் பட்டுத் திரும்பும் ஒளி கெமராவில் சிவப்பாகப் பதியும். எங்களுக்குக் கிடைத்த கலர்ப் படமொன்றில் முதல் இரு வரிசைகளிலும் சிவந்த கண்கள். மண்டபம் இருண்டிருந்தபோது எடுத்தது அது என்று அதனால் ஊகித்தோம். அவர்களுள் பாதிப்பேர் கெமராவைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் சேகரிப்பில் அதைவிட உயிருள்ள படம் வேறில்லை.

இது வெறும் பழங்கதை ஆசையன்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். அதன் பின்னர் தவணைக்குத் தவணை வகுப்புகளில் வாங்குகள் காலியாகின. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களுக்குப் பெட்டியில் இடம் குறைவு. 1977லும் 1983லும் வீடு இழந்தவர்களுக்கு அல்பமும் போயிற்று. இடாப்பில் பிள்ளையின் பெயர் இருக்கும். கதவோரம் நின்று அவளைப் பார்த்த தாயின் முகம் எந்த இடாப்பிலும் இல்லை. அந்த முகத்துக்கு மண்டபத்துப் படம் ஒன்றே சாட்சியாக இருந்திருக்கும்.

இன்று பெரும்பாலான பெற்றோரின் கையில் கெமரா இருக்கிறது. மங்கிய வெளிச்சத்திலும் அது படமெடுக்கும். ஆனால் அத்தனையும் தத்தம் பிள்ளை நிற்கும் மேடைப் பக்கமே திரும்பியிருக்கின்றன. கருவி மாறியது, திசை மாறவில்லை.

ஆகவே, உலகெங்கும் வாழும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அல்பத்தில் மண்டபத்துப் படம் இருந்தால், மங்கலானது என்று ஒதுக்காமல் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பின்னால் தெரியும் முகத்துக்குப் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். 'விடுதிச் சமையலறை அக்கா' என்று மட்டும் தெரிந்தாலும் எழுதுங்கள். நூற்றாண்டு விழாக் குழுவுக்கும் ஒரு யோசனை: திரை விலகுமுன் எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, மண்டபத்து விளக்குகள் அனைத்தும் எரிய, மேடையிலிருந்து ஒரு படம் எடுக்கட்டும். கடைசி வரிசையிலிருந்து முன்நோக்கி வந்து இன்னொன்று. விளக்கை அணைக்க அதன் பிறகு நேரம் உண்டு.