ஒரு மாத்திரைக்கு மூன்று பெயர்

மலர்க் குழுவில் இருக்கும் நம் நண்பர் போன் செய்து, "இந்தத் தடவையும் ஹாஸ்டல் சாம்பார், கிரிக்கெட் மேட்ச் என்று எழுதி அனுப்பாதேப்பா. 34 வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தியே, அதைப் பத்தி ஏதாவது எழுது" என்றார். மருந்து விற்றவனுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? அதன் பெயர் தெரியும். ஆகவே பெயரைப் பற்றியே எழுதுகிறேன். இதில் வரும் ஒரு மருந்தின் பெயருக்குள் நம்மைப் போன்ற பழைய மாணவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். என் அக்காவின் உயிரும் அதே பெயரில் கொஞ்ச நாள் ஊசலாடியது.

நாம் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தபோது ஆர்கானிக் வகுப்பில் ஒரு சேர்மத்தின் முழுப்பெயரைத் தப்பாகச் சொன்னால் பீரியட் முடியும்வரை நிற்க வேண்டும். நினைவிருக்கிறதா? அந்த ரசாயனப் பெயர்தான் மருந்தின் முதல் பெயர். இரண்டாவது, ஜெனரிக் பெயர் என்கிற பொதுப்பெயர். மூன்றாவது, கம்பெனி தன் சரக்குக்கு வைத்து டிரேட்மார்க் வாங்கிக்கொள்ளும் பிராண்டுப் பெயர். ஓர் உதாரணம்: 4-ஹைட்ராக்சி-3-(3-ஆக்சோ-1-ஃபினைல்பியூட்டைல்)கூமரின். இதை எந்த டாக்டர் சீட்டில் எழுதுவார்? எழுதினால்தான் கடைக்காரர் படிப்பாரா? இதன் பொதுப்பெயர் வார்ஃபாரின். அமெரிக்காவில் இது கூமடின் என்ற பிராண்டுப் பெயரில் பிரபலமாயிற்று. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை.

வார்ஃபாரின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதுதான் காரணம் என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஸ்கோஃபீல்டு கண்டுபிடித்தார். ஆனால் அதில் என்ன விஷம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி எட் கார்ல்சன், செத்த கிடேரி ஒன்றையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேன் ஒன்றையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசன் நகரத்துக்கு வந்தார். சனிக்கிழமை. கால்நடை அதிகாரியின் அலுவலகம் பூட்டியிருந்தது. அலைந்து திரிந்து விஸ்கான்சின் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கட்டிடத்துக்குள் நுழைந்தார். அங்கே இருந்தவர் பேராசிரியர் கார்ல் பால் லிங்க். அந்தப் பால் கேனை லிங்க்கும் அவருடைய மாணவர்களும் விடவில்லை. ஆறு வருஷம் உழைத்து 1939-ல் விஷத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் டைகூமரால்.

இனிமேல்தான் நம் சங்கதி. அதே பல்கலைக்கழகத்தின் ஸ்டீன்பாக் என்ற பேராசிரியர், உணவில் புற ஊதா ஒளி பாய்ச்சி வைட்டமின் டி-யை அதிகப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். அந்தக் காப்புரிமையின் வருமானம் வெளியே போகாமல் திரும்பவும் ஆராய்ச்சிக்கே வரவேண்டும் என்று, 1925-ல் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து 'விஸ்கான்சின் அலும்னி ரிசர்ச் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லிங்க்கின் ஆராய்ச்சிக்கும் பணம் கொடுத்தது இந்த அமைப்புதான். டைகூமரால் குடும்பத்தில் இன்னும் வீரியமான ஒரு சேர்மம் கிடைத்ததும், அந்த அமைப்பின் ஆங்கில முதலெழுத்துகள் நான்கையும் சேர்த்து 'வார்ஃப்' என்று எடுத்து, கூமரினின் கடைசிப் பகுதியை ஒட்டி, 'வார்ஃபாரின்' என்று பெயர் வைத்தார்கள். 1948-ல் அது முதலில் எலிப்பாஷாணமாகத்தான் கடைக்கு வந்தது.

1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருந்த ஒருவர் அந்த எலி மருந்தைத் தின்று உயிரை விடப் பார்த்தார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். முறிவு மருந்து உண்டு என்றால் மனிதருக்கும் அளவோடு கொடுக்கலாமே என்ற எண்ணம் வலுத்தது. 1954-ல் அனுமதி கிடைத்தது. 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள்.

இப்போது பொதுப்பெயரை யாரும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1950-ல் இதற்கென்று ஏற்பாடு செய்து, 1953-ல் சர்வதேசப் பொதுப்பெயர்களின் முதல் பட்டியலை வெளியிட்டது. நம் தமிழ் வகுப்பில் பகுதி, விகுதி என்று பிரித்தோமே, கிட்டத்தட்ட அதேதான். அட்டினோலால், மெட்டோபுரோலால் என்று 'ஓலால்' விகுதி வந்தால் பீட்டா பிளாக்கர். எனலாப்ரில், ராமிப்ரில் ஒரு குடும்பம். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் இன்னொரு குடும்பம். இந்தப் பெயர்கள் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எந்தக் கம்பெனியும் வேலி போட முடியாது.

பிராண்டுப் பெயர் அப்படியில்லை. சின்னதாக, நாக்கில் நிற்பதாக, டாக்டர் பேனாவில் தானாக வருவதாக இருக்கவேண்டும். லேசிக்ஸ் என்ற பெயர், ஆறு மணி நேரம் வேலை செய்யும் என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வந்தது என்பார்கள். அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்று மாத்திரைக்கும் லேசிக்ஸுக்கும் எழுத்தில் குழப்பம் வந்து, 1990-ல் லோசெக்கின் பெயரை ப்ரிலோசெக் என்று மாற்றவேண்டியதாயிற்று. பெயர்க் குழப்பம் விளையாட்டு இல்லை.

அதை நான் வீட்டிலேயே கற்றேன். அக்காவுக்கு இதய வால்வு மாற்றி, தினமும் வார்ஃபாரின். "அக்கா, அட்டையில இந்தப் பேர் இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்கிக்கோ" என்று பிராண்டுப் பெயரைச் சொல்லிக்கொடுத்தவன் நான். தொழில் புத்தி! மகள் ஊருக்குப் போன இடத்தில் வேறொரு டாக்டர் அதே மருந்தை வேறு பிராண்டில் எழுதினார். புது மருந்து என்று நினைத்து, பழையதோடு அதையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். பத்தாவது நாள் ஈறில் ரத்தம், கையெல்லாம் நீலம். 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கவேண்டிய ஐ.என்.ஆர். 8-ஐத் தாண்டியிருந்தது. அந்த ராணுவ வீரரைக் காப்பாற்றிய வைட்டமின் கே-தான் அவளையும் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு அட்டைகளையும் அவள் கையில் கொடுத்து, இரண்டிலும் இருந்த வார்ஃபாரின் என்ற சொல்லைக் காட்டினேன். "ஏன் தம்பி, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். ஆயிரம் டாக்டர்களிடம் வாயாடி ஜெயித்த எனக்கு அதற்குப் பதில் இல்லை.

நண்பர்களே, நாமெல்லாம் மாத்திரை டப்பாவோடு ரீயூனியனுக்கு வருகிற வயதாகிவிட்டது. ஒரு சின்ன காரியம் செய்யுங்கள். நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அதை நீட்டுங்கள். அட்டை மாறினால் கேட்காமல் விழுங்காதீர்கள்.

விஸ்கான்சின் பழைய மாணவர்கள் ஒரு மருந்துக்குத் தங்கள் பெயரையே கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் சங்கம் இந்த ஒரு சீட்டையாவது கொடுக்கட்டும். அடுத்த சந்திப்பில் பார்க்கும்போது உங்கள் பர்ஸைத் திறந்து காட்டச் சொல்வேன். ஆர்கானிக் வகுப்பு மாதிரிதான், இல்லாதவர்கள் நிற்கவேண்டும்!