எடையில் பிறந்த காற்று

ஒரகடத்திலுள்ள வாகனப் புகைப் பரிசோதனைக் கூடங்களுக்கு வருபவர் கண் முதலில் கேஸ் அனலைசர் மீதுதான் விழும். சுவரோரம் சங்கிலியில் கட்டி நிறுத்திய அலுமினிய சிலிண்டர்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் புகையில் கார்பன் மோனாக்சைடு இவ்வளவு, நைட்ரிக் ஆக்சைடு இவ்வளவு என்று அனலைசர் காட்டும் எண், அந்த சிலிண்டரிடம் கடன் வாங்கிய எண்தான். கூடத்தில் ‘ஸ்பான் கேஸ்’ என்று அழைக்கப்படும் அந்த அளவுவாயு பிறந்த கதை இது.

சில வாயுக்கள் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிரை விழுங்குகின்றன என்பதை 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் அளந்து காட்டினார். அதைத் தொழிற்சாலைக் கருவியாக மாற்றியவர்கள், 1930-களின் கடைசியில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் இருந்த கார்ல் லுஃப்டும் லேரரும். அவர்கள் செய்த ‘ஊராஸ்’ கருவியில் எந்த வாயுவை அளக்க வேண்டுமோ, அதே வாயுவை உணர்கலனுக்குள் அடைத்து வைத்தார்கள். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா! வழியில் அந்த வாயு கதிரை எவ்வளவு விழுங்கியதோ, அந்த அளவுக்கு உணர்கலனுக்குள் சூடு குறையும். மெல்லிய தகடு ஒன்று அசைந்து அதைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் தகடு இவ்வளவு அசைந்தால் வாயு எத்தனை சதவீதம் என்று கருவிக்குத் தானாகத் தெரியாது. அளவு தெரிந்த வாயு ஒன்றை அதற்குள் விட்டு, ‘இதுதான் இத்தனை’ என்று சொல்லித்தர வேண்டும்.

அந்தப் பாடத்தை மிகக் கண்டிப்பாக நடத்தியவர் சார்லஸ் கீலிங். 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் இதே வகைக் கருவியை வைத்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். முதலில் கிடைத்த அளவு 313 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 313 பங்கு. ஆண்டுக்கு 1 பிபிஎம்முக்கும் குறைவாக ஏறிக்கொண்டிருந்த ஒன்றை, நாளுக்கு நாள் நழுவும் கருவியால் எப்படிப் பிடிப்பது? மலைக்காற்றை அளக்கும்போதே இடையிடையே அளவுவாயுவையும் கருவிக்குள் விட்டார். அந்த அளவுவாயுவின் அளவை மானோமீட்டர் கொண்டு தனியே உறுதிசெய்து வைத்திருந்தார். அந்த அளவுகளிலிருந்து வரைந்து, உலகம் இன்று நம்பும் வரைகோட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு சிலிண்டர் வரிசை நிற்கிறது.

அவ்வளவு கவனத்துக்கும் தப்பிய பிழை ஒன்று 1970-களில் தெரிந்தது. கீலிங்கின் தொடக்கக் கால அளவுவாயு, நைட்ரஜனில் கலந்த கார்பன் டை ஆக்சைடு. அளக்கப்பட்டதோ ஆக்சிஜனும் சேர்ந்த காற்று. சுற்றிலும் மோதும் மூலக்கூறுகள் மாறினால் கதிரை விழுங்கும் அளவும் சற்று மாறும். சில பிபிஎம் வித்தியாசம் வந்தது. கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று. சிலிண்டர் சான்றிதழில் ‘மீதி நைட்ரஜன்’ என்றோ ‘மீதி காற்று’ என்றோ உள்ள வரியை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது அளவுவாயுவின் எண் பெரும்பாலும் தராசிலிருந்து வருகிறது. ஐ.எஸ்.ஓ. 6142 என்ற தரநெறி சொல்வது இதைத்தான்: கலக்கும் ஒவ்வொரு வாயுவையும் எடை போடு. கேட்க எளிது. 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்துக்கு நைட்ரஜன் அடைத்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. அதில் 100 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடு வேண்டுமென்றால் சேர்க்க வேண்டியது கால் கிராமுக்கும் குறைவு. சிலிண்டரோ பத்துக் கிலோவுக்கு மேல். போதாததற்கு, சிலிண்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் மிதக்கவும் செய்கிறது. அறைக்காற்றின் அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு மாறினாலே, அந்தச் சிறு எடைக்கு ஏறக்குறையச் சமமான பிழை வந்துவிடும். அதனால் அதே வகைச் சிலிண்டர் இன்னொன்றை மாற்றி மாற்றித் தராசில் ஏற்றி ஒப்பிடுகிறார்கள். வாயுவையும் முதலில் 1 சதவீதக் கலவையாக்கி, அதிலிருந்து சுமார் 18 கிராம் எடுத்து மறுபடி நைட்ரஜனில் கரைக்கிறார்கள். 18 கிராமைத் தராசு நம்பிக்கையாகச் சொல்லும்.

நம் நாட்டில் இந்த எடைச் சங்கிலியின் தலைமாடு புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். அடிக்கல் நாட்டியது 1947 ஜனவரி 4-ஆம் தேதி; முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். இந்தியாவின் எடைக்கு முன்மாதிரியாக வந்த 57-ஆம் எண் கிலோகிராம் கட்டி அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சங்கிலியின் மறுமுனை நம் வட்டாரத்துக் கார் ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் ஆலை ஓட ஆரம்பித்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்ததும், டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. வரம்பு இறங்க இறங்க அளவுவாயுவின் நுணுக்கம் கூடியாக வேண்டும்.

இந்த நுணுக்கத்தையெல்லாம் ரெகுலேட்டர் மாட்டும் இரண்டு நிமிடத்தில் கெடுத்துவிடலாம். நைட்ரிக் ஆக்சைடு சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டியதும் அதற்குள் தங்கிய காற்றை விரட்ட வேண்டும்: வால்வைத் திற, மூடு, வெளியே விடு, மறுபடி, மறுபடி. விரட்டாவிட்டால் அந்தக் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும். சான்றிதழ் 100 என்று சொல்லும். அனலைசருக்குள் போவது வேறாக இருக்கும்.

இந்த வட்டாரத்தில் அனலைசரோடு வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். காலாவதித் தேதி தாண்டிய சிலிண்டரை ஒதுக்கி வையுங்கள். அழுத்தம் அடிமட்டத்துக்கு வரும் வரை உறிஞ்சாதீர்கள். புகைபோக்கியில் மாட்டிய அனலைசர் என்றால், அளவுவாயுவை நேரே கருவிக்குள் விட்டுத் திருப்திப்படாமல், புகையை உறிஞ்சும் குழாய் முனையிலும் விட்டுப் பாருங்கள். குழாயில் ஓட்டை இருந்தால் அங்கேதான் தெரியும்.