பண்டு பிறந்த கதை

1896-ல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் கொம்பு வாங்கி வைத்தன. மாடு களவு போனால் கொம்பை ஊத வேண்டும். சத்தம் கேட்டவர்கள் ஓடி வர வேண்டும். களவு கொடுத்தவனுக்கு ஈடு கட்ட ஊர்ப்பணம் திரட்டினார்கள். அந்தப் பொதுப்பணத்துக்குப் பண்டு என்று பெயர். இயக்கத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. முன்னின்று நடத்தியவர் அம்மையப்பக் கோன்.

காரணம் இல்லாமல் பிறந்ததல்ல பண்டு. மதுரைச் சீமையில் குடிக்காவல் பழைய ஏற்பாடு. பல ஊர்களில் கள்ளர் சாதிக் குடும்பங்கள் காவல் பார்த்தன. ஊர் காவல்கூலி கொடுக்கும். பொருள் களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் போலீஸ் வந்த பிறகும் இது ஊருக்குள் நீடித்தது. காவல் வைக்காத ஊரில்தான் களவு அதிகம் என்ற நிலை வந்தபோது, காவல் மிரட்டலாகவும் மாறியது.

துப்புக்கூலி என்று ஒன்று இருந்தது. உழவு மாடு காணாமல் போகும். மாட்டுக்காரன் விசாரித்துக்கொண்டு போனால் நடுவில் ஒரு ஆள் வருவான். விலையில் பாதி என்று பேச்சு முடியும். பணம் கைமாறிய பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். கட்டியவன் யாரென்று கேட்கக்கூடாது. ஒரு சோடி மாட்டை நம்பிப் பிழைத்தவனின் வயிற்றெரிச்சலை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த எரிச்சல் யார் மேல் போய் விழுந்தது? ஊர் ஊராகக் கூடிச் சத்தியம் செய்தார்கள்: இனிக் கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை. அதோடு நிற்கவில்லை. பல ஊர்களில் கள்ளர் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். குடும்பம் குடும்பமாக விரட்டினார்கள். துப்புக்கூலி பேசியவனின் முகம் மாட்டுக்காரனுக்குத் தெரியும். பாதி விலையை எண்ணி வாங்கிய கை யாருடையது என்றும் தெரியும். அந்த ஒருவனைப் பேர் சொல்லி நிறுத்தப் பயமாக இருந்தது, நிறுத்தினாலும் போலீஸ் கேட்குமா என்ற சந்தேகம் இருந்தது. கூட்டமாகப் போய்த் தெருவைக் கொளுத்த அந்தப் பயம் தடையாக இல்லை. களவே அறியாமல் உழுது பிழைத்தவன், அவன் பெண்டாட்டி, தாய்க்கிழவி எல்லாரும் அந்தத் தண்டனையை அனுபவித்தார்கள்.

பின்னால் வந்த சட்டத்தைப் பண்டுதான் பெற்றது என்று சொல்ல மாட்டேன். வடநாட்டில் 1871-லேயே குற்றப்பரம்பரைச் சட்டம் இருந்தது. 1911-ல் அதைத் திருத்தி நாடு முழுவதற்கும் ஆக்கினார்கள். மதுரைப் பக்கம் சில ஊர்களில் தொடங்கி, சில வருஷங்களில் பிரமலைக் கள்ளர் எல்லார் மேலும் அது பாய்ந்தது. சனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைக்க வேண்டும். ராத்திரி போலீஸ் கண்முன் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். பண்டுக் கூட்டம் ஆத்திரத்தில் போட்ட அதே கணக்கைச் சர்க்கார் நிதானமாக உட்கார்ந்து பதிவேட்டில் போட்டது: செய்தவனைத் தேட வேண்டாம், பிறந்தவனைப் பிடித்தால் போதும்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்தார்கள். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் மாயக்காள் என்று அங்கே சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

கொலைகாரனை என்கவுன்டரில் போடு, ஊரே அடித்துக் கொல் என்ற குரல் இன்றும் கேட்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிக் கத்தினால் எனக்குப் புரியும். கூட்டம் கத்தும்போதுதான் பயப்படுகிறேன். 2018 மே மாதம் போளூர் பக்கத்தில், கோயிலுக்குப் போன குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி போதுமானதாக இருந்தது. கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள்.

பண்டுக்காரர்கள் கொளுத்திய வீட்டிலிருந்து ஒரு தாய் கைக்குழந்தையோடு உசிலம்பட்டிப் பக்கம் ஓடி வந்திருந்தால், 1920-ல் அந்தப் பிள்ளைக்கு 24 வயது. அவனிடம்தான் ரேகை கேட்டார்கள்.