செசபீக்–ஒஹாயோ கால்வாய்ப் பாதை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்து மாகாணத்துக் கம்பர்லாந்து நகரம் வரை, பொட்டோமாக் நதியின் கரையோரமாக 184.5 மைல் செல்லும் பாதை. நடப்போரும் சைக்கிளில் செல்வோரும், சில பகுதிகளில் குதிரையேறிச் செல்வோரும் இதனை உபயோகிக்கின்றனர்.

தோற்றம்: பொட்டோமாக் நதி பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் மலிந்து படகுப் பிரயாணத்துக்கு இடங்கொடாதிருந்தமையால், அதன் கரையை ஒட்டியே கால்வாய் வெட்டி மேற்கே ஒஹாயோ நதியை எட்டவேண்டும் என்னும் பெருநோக்குடன், 1828 ஜூலை 4ஆம் தேதி ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கிவைத்தார். அதே தினத்தில் பால்டிமோரில் அஸ்திவாரம் இடப்பட்ட ரயில்பாதை 1842இலேயே கம்பர்லாந்தை அடைந்துவிட, கால்வாயோ 1850இல்தான் அங்கே வந்து சேர்ந்து, அதற்கு மேல் செல்லாமல் நின்றுவிட்டது.

அமைப்பு: 605 அடி ஏற்றத்தைச் சமாளிக்க 74 பூட்டுமதகுகளும், கிளையாறுகளைக் கடக்க 11 தொட்டிப் பாலங்களும், மலையைக் குடைந்து 3,118 அடி நீளமுள்ள பாபா சுரங்கமும் கட்டப்பட்டன. நிலக்கரிப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்து நடந்த கரையே இன்றைய பாதை. இழுவைக் கயிறுகள் உராய்ந்து உராய்ந்து மதகுக் கற்களில் விரல் பதியுமளவு பதித்த தடங்களை இப்போதும் காணலாம்.

வீழ்ச்சியும் மீட்சியும்: 1889ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கால்வாய்க் கம்பெனியை நொடிக்கச் செய்தது, 1924ஆம் ஆண்டின் வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்தே முடிவுற்றது. 1938இல் அரசாங்கம் வாங்கிய இந்நிலத்தில் மோட்டார் சாலை அமைக்கும் யோசனையை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஆதரித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், தம்முடன் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லும்படி அதன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். 1954 மார்ச்சில் எட்டு நாட்கள் நிகழ்ந்த அந்த நடைப் பிரயாணத்தில் முழுத் தூரமும் நடந்தவர் ஒன்பது பேரே எனினும், அதன் பயனாகப் பத்திரிகை தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. பொதுஜன ஆதரவு பெருகி, 1971இல் இவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவாகச் சட்டபூர்வமாக ஸ்தாபிக்கப்பட்டது.

இன்றைய நிலை: கம்பர்லாந்தில் இதனோடு இணையும் மற்றொரு பாதை 2013இல் பிட்ஸ்பர்க் வரை முற்றுப்பெற்றதால், கால்வாயால் எட்ட இயலாத ஒஹாயோ நதியின் தலைவாயிலை நடப்பவரும் சைக்கிள்காரரும் எட்டுகின்றனர். 1996இல் இருமுறை வெள்ளம் பாய்ந்து பாதையைச் சிதைத்தும் அது மீண்டும் செப்பனிடப்பட்டது. வியாபாரத்துக்காகப் போடப்பட்ட வழி அவ்வியாபாரம் அழிந்த பின்னும் நிலைத்திருப்பதற்கு, அதனைத் தம் பொதுச்சொத்தென உணர்ந்து நடந்தவர்களும் காத்தவர்களுமே காரணம்.