மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட குழந்தைகள்: பிரிட்டனில் பார்வையாளர் நேரம் மாறிய வரலாறு

நம் ஊர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குள் போனால், கட்டிலுக்குக் கட்டில் குழந்தையோடு தாயோ பாட்டியோ இருப்பதைக் காணலாம். நோயுற்ற பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வீடு திரும்புவது நமக்கு நினைத்துப் பார்க்கவே கடினமான செயல். குழந்தை மருத்துவத்தில் முன்னோடியாக விளங்கிய பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுதான் விதியாக இருந்தது.

லண்டனில் சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 1852-இல் வெறும் 10 படுக்கைகளுடன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை தொடங்கினார். அதன்பின் நாடெங்கும் இத்தகைய மருத்துவமனைகள் பெருகின. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல், தட்டம்மை ஆகியவை பரவினால் ஒரு வார்டையே காலி செய்துவிடும் காலம் அது. வெளியிலிருந்து வருபவர்கள் நோயைக் கொண்டுவருவார்கள் என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லிகள் வந்து அந்த அச்சம் குறைந்த பிறகும் விதி தளரவில்லை. 1940களின் இறுதியிலும் லண்டன் மருத்துவமனைகள் சிலவற்றில் பெற்றோருக்கு வாரத்தில் ஓரிரு மணி நேரமே அனுமதி. சில இடங்களில் குழந்தை தூங்கும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். எலும்புக் காசநோய் கண்ட பிள்ளைகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், இப்படிக் கிடந்தார்கள்.

விதியைக் காத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் கண்டது இதுதான்: சேர்க்கப்பட்ட குழந்தை முதல் சில நாள் வீறிட்டு அழும், பிறகு அடங்கிவிடும், கொடுத்ததைச் சாப்பிடும். ஞாயிற்றுக்கிழமை தாய் வந்து போனால் மறுபடி அழுகை தொடங்கும். ஆகவே தாயின் வருகைதான் குழந்தையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அடங்கிய குழந்தையைப் 'பழகிவிட்டது' என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லின் மேல்தான் முழு ஏற்பாடும் நின்றது.

மாற்றாகச் சிந்தித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920களிலேயே கைக்குழந்தைகளோடு தாய்மாரையும் மருத்துவமனையில் தங்கவைத்தார். நோயைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவர் கொள்கை. 1947 மே, ஜூன் மாதங்களில் அந்நகரில் பிறந்த 1,142 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வையும் அவர்தான் தொடங்கிவைத்தார். ஆயினும் அவர் வழியைப் பின்பற்றியவர் சிலரே.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கேள்வியை வேறொரு வாசல் வழியாகக் கொண்டுவந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி 1939 செப்டம்பரின் முதல் நாட்களில் சுமார் 15 லட்சம் பேர் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதி பெற்றோர் இன்றிச் சென்ற பள்ளிப் பிள்ளைகள். மிகச் சிறிய குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது மனத்தைப் பாதிக்கும் என்று ஜான் போல்பி, டொனால்ட் வினிகாட், இமானுவேல் மில்லர் ஆகிய மூன்று மருத்துவர்கள் அந்த டிசம்பரிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார்கள். போரால் வீடிழந்த குழந்தைகளுக்காக அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்காமும் ஹாம்ப்ஸ்டெட்டில் காப்பகம் நடத்தினார்கள். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்வது போன்ற பராமரிப்பு வேலைக்கு வந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். கிளாஸ்கோ அருகே தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மனைவி ஜாய்சும் அங்கே குழந்தைகளைக் கவனித்துவந்தார். காப்பகத்தில் யாராயினும் குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது அன்னா பிராய்டின் வழக்கம். ராபர்ட்சன் உற்றுப் பார்க்கக் கற்றது அங்கேதான்.

போருக்குப் பின் உளநல சமூகப்பணியாளராகப் பயிற்சி பெற்ற அவர், 1948-இல் டேவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் போல்பியுடன் சேர்ந்தார். குழந்தைகள் வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. குழந்தையின் அழுகை எதிர்ப்பு. அதன்பின் வரும் அமைதி நலத்தின் அறிகுறி அன்று, நம்பிக்கை இற்றுப்போனதன் அறிகுறி. நெடுநாள் நீடித்தால் யாரிடமும் ஒட்டாமல் சிரித்து விளையாடும் மூன்றாம் நிலை. இந்த மூன்றாவதைத்தான் செவிலியர் மிகவும் பாராட்டினார்கள். ராபர்ட்சன் சொன்னதை மருத்துவர்கள் நம்பவில்லை. ஆகவே படம் பிடித்துக் காட்டத் தீர்மானித்தார். அவர் அதற்கு முன் படமெடுத்தவர் அல்லர்.

தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய, இரண்டரை வயதுகூட நிரம்பாத லாரா என்ற சிறுமியே அந்தப் படத்தின் பொருள். கதறும் குழந்தையாக இருந்திருந்தால் மிகைப்படுத்தல் என்று தள்ளியிருப்பார்கள். லாரா அடக்கமான பிள்ளை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கரடிப் பொம்மையையும் போர்வையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, அழுகையை விழுங்கிவிட்டு, அம்மா எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். தாய் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களை எல்லாம் திரட்டிக்கொள்கிறாள். நீட்டிய தாயின் கையைப் பற்ற மறுக்கிறாள்.

1952 நவம்பரில் லண்டனில் அரச மருத்துவக் கழகத்தில் இப்படம் சுமார் 300 பேர் முன் திரையிடப்பட்டது. அவை கொதித்தது. மருத்துவத் தொழிலையே அவதூறு செய்கிறார் என்றார்கள். படத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்றார்கள். சினந்தவர்களில் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவர். ஆனால் தம் வார்டுக்குத் திரும்பிய பிறகு, அதுவரை காதில் விழுந்தும் கேளாதிருந்த அழுகை அவருக்குக் கேட்கத் தொடங்கியது. ஆமர்ஷாமில் அவர் தாய்மாரைத் தங்க அனுமதித்தார். 1958-இல் ராபர்ட்சன் எடுத்த இரண்டாவது படம் அந்த வார்டில்தான் உருவானது.

அரசு 1956-இல் எலும்பு அறுவை நிபுணர் ஹாரி பிளாட் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1959-இல் வெளிவந்த அதன் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடன் தாயும் தங்க இடம் வேண்டும், குழந்தைகளைப் பெரியவர்கள் வார்டில் போடக்கூடாது என்று பரிந்துரைத்தது. அரசும் ஏற்றது. ஏட்டில் ஏற்றதுதான், வார்டுக் கதவு பல இடங்களில் மூடியே இருந்தது.

கதவைத் தட்டியவர்கள் தாய்மார்கள். 1961-இல் ராபர்ட்சன் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பேசி, பெற்றோரின் அனுபவங்களை எழுதும்படி கேட்டார். கடிதங்கள் குவிந்தன. அதே ஆண்டில் லண்டனின் பேட்டர்சீ பகுதியில் சில இளம் தாய்மார்கள் சங்கம் அமைத்தார்கள். அது நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்து, எந்த மருத்துவமனையில் உண்மையில் எவ்வளவு நேரம் அனுமதி என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. அரசாணையைவிட இந்தக் கணக்கு அதிகம் சாதித்தது என்றே சொல்லலாம். 1963-இல் லண்டனின் புரூக் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான விளையாட்டுக் குழுவும் தொடங்கியது.

இந்த வரலாற்றில் ஓர் உறுத்தலும் உண்டு. போல்பியின் கருத்துகள் தாயை மட்டுமே முன்னிறுத்தின. வேலைக்குப் போகும் பெண்கள் மீது குற்றம் சுமத்தவும் அவை பயன்பட்டன. தந்தையும் உடன்பிறந்தாரும் உறவினரும் குழந்தைக்குப் பற்றுக்கோடாக இருக்க முடியும் என்று மைக்கேல் ரட்டர் 1972-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ராபர்ட்சன் தம்பதியரே தங்கள் பிற்காலப் படங்களில், தாய் இல்லாத நாட்களிலும் அன்பாகக் கவனிக்கும் ஒரே ஆள் தொடர்ந்து இருந்தால் சிறு குழந்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும் என்று காட்டினார்கள். 1988-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஐரோப்பிய அமைப்புகள் கூடி வகுத்த பத்து அம்சச் சாசனம், மருத்துவமனையில் உள்ள குழந்தையோடு எந்நேரமும் இருக்கும் உரிமையைப் பெற்றோர் இருவருக்கும் அவர்கள் இடத்தில் நிற்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறது.